நீரோடி மணலும் பாக்டீரியாவும்: ஒரு மாடி எழுப்ப அது போதுமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். நீரோடியில் கடலிலிருந்து ஏறக்குறைய முந்நூறு மீட்டர் உள்ளே, மணல் தரையில் இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு உங்களுடையது. சுற்றுச்சுவரின் அடியிலிருந்து மழைதோறும் மணல் கழன்று போய், சுவர் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பாக்டீரியாவும் நாரும் சேர்த்தால் மணல் கல்லாகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறீர்கள். யூரியா உரக்கடையில் இருக்கிறது, தும்பு என்ற தேங்காய் நார் பக்கத்து ஆலையில் இருக்கிறது. நாமே செய்து மணலை இறுக்கிவிட்டு மேலே ஒரு மாடி எழுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை வாசித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: பாக்டீரியா உங்கள் கேள்வியின் வாசல் மட்டுமே. உள்ளே இருக்கும் கேள்வி, "என் வீட்டுக்கு அடியில் கிடக்கும் மணலை நம்பலாமா?" என்பது. மகளுக்காகக் கட்டும் மாடி என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு, குளச்சல் முதல் விழிஞ்ஞம் வரை எல்லையின் இரு பக்கத்திலும் இருபத்தெட்டு ஆண்டுகளாக மண் பரிசோதனை செய்து வருகிறேன். இடையில் சில ஆண்டுகள் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களோடு இந்தப் பாக்டீரியா வேலையையும் செய்து பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் வீட்டைப் பற்றிச் சொல்வதை ஒரு மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனையின் அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மணலைப் பற்றியும் பாக்டீரியாவைப் பற்றியும் சொல்வதை இன்னும் உறுதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், நீங்கள் பார்த்தது பொய்யில்லை. மணப்பாட்டுக்கோ திருச்செந்தூருக்கோ போயிருந்தால் கடலோரத்தில் சுண்ணாம்பு கட்டிய மணற்பாறையைக் கையால் தொட்டிருப்பீர்கள். மணல் துகள்களுக்கு நடுவே கால்சியம் கார்பனேட் படிந்து படிந்து இறுகியதுதான் அந்தப் பாறை. இயற்கை நெடுங்காலம் எடுத்துக்கொண்டு செய்த அந்த வேலையைச் சில நாட்களில் செய்ய வைப்பதுதான் இந்த முறை. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்றொரு மண் பாக்டீரியா இருக்கிறது. அது யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாக உண்டாக்கும். அந்த நொதி யூரியாவை உடைத்து, ஒரு பக்கம் அம்மோனியாவையும் மறுபக்கம் கார்பனேட்டையும் தருகிறது. அம்மோனியாவால் சுற்றியுள்ள நீர் காரத்தன்மை அடைகிறது. அந்த நேரத்தில் கால்சியம் குளோரைடு கரைசல் வந்து சேர்ந்தால், கால்சியமும் கார்பனேட்டும் கூடிக் கால்சைட் படிகமாக மணல் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. வேலை முடிந்த பாக்டீரியாக்கள் தாங்கள் உண்டாக்கிய படிகத்துக்குள்ளேயே புதைந்து மடிகின்றன. ஆகவே ஒரு முறை விட்டுவிட்டால் மணல் ஆண்டுக்காண்டு தானாக இறுகிக்கொண்டே போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கரைசல் ஊற்றும் வரைதான் கல் வளரும்.

மண் பாக்டீரியாக்கள் கால்சைட் உண்டாக்குவது பரவலான நிகழ்வு என்று 1973-லேயே நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. அதைக் கட்டுமானத்துக்கான உயிரிச் சிமெண்டாக்கும் முயற்சி, ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா விஃபின் 2004-இல் முடித்த முனைவர் ஆய்வுக்குப் பிறகு வேகம் பிடித்தது. 2007-இல் ஐந்து மீட்டர் நீள மணல் தூணில் செய்து காட்டினார்கள். பிறகு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 100 கன மீட்டர் மணலில் செய்தார்கள். அதன் முடிவுகள் 2010-இல் வெளியாயின. நம் நாட்டிலும் 2020-இல் இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் சேர்ந்து, நிலவு மண்ணைப் போன்ற தூளில் இதே பாக்டீரியாவையும் யூரியாவையும் கொத்தவரைப் பிசினையும் கலந்து செங்கல் போன்ற கட்டிகளை உண்டாக்கின.

டெல்ஃப்ட் சோதனையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது ஓர் அளவை. இறுகிய மணலை வெட்டியெடுத்து அமுக்கிப் பார்த்தபோது, அதன் வலிமை ஓரிடத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 0.7 நியூட்டன், இன்னோரிடத்தில் 12.4 நியூட்டன். சாதாரணச் செங்கலுக்கு நம் தரநிலை கேட்கும் குறைந்த அளவு 3.5 நியூட்டன். ஒரே தொட்டி, ஒரே மணல், ஒரே கரைசல், கைதேர்ந்த ஆய்வாளர்கள். அப்படியிருந்தும் ஒரு மூலையில் செங்கலின் ஐந்தில் ஒரு பங்கு, இன்னொரு மூலையில் செங்கலைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஒரு சுவரின் ஒரு முனை பாறையிலும் மறு முனை மணலிலும் நின்றால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க் கொத்தனாரைக் கேளுங்கள். சுவர் முழுவதும் ஒரே சீராக இரண்டு அங்குலம் இறங்கினால் வீடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஒரு முனை மட்டும் ஓர் அங்குலம் இறங்கினால் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் ஓடும்.

எங்கள் ஆய்வகத்திலும் இதையேதான் கண்டோம். பி.வி.சி. குழாயில் கடற்கரை மணலை நிரப்பி, முதலில் பாக்டீரியாக் கரைசலும் பிறகு யூரியாவும் கால்சியமும் கலந்த கரைசலுமாக மேலிருந்து ஊற்றினோம். சில நாட்கள் கழித்துக் குழாயை அறுத்தோம். மேல் பகுதியைச் சுத்தியலால்தான் உடைக்க முடிந்தது. கீழ்ப் பகுதி, குழாயைச் சாய்த்ததும் சர்க்கரைபோலக் கொட்டியது. கரைசல் நுழையும் வாயிலேயே கல் விளைந்து வழியை அடைத்துக்கொள்கிறது, அதற்குக் கீழே எதுவும் போவதில்லை. மாணவர்கள் முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த அரைக்குழாய் மணல், வெற்றி பெற்ற பத்து மாதிரிகளைவிட அதிகம் கற்றுத் தந்தது. கரைசலின் காரத்தன்மையைத் தொடக்கத்தில் குறைத்து வைத்து, படிகம் விளைவதைச் சற்றுத் தாமதப்படுத்தி ஆழத்துக்கு அனுப்பும் வழிகள் இப்போது வந்திருக்கின்றன. ஆய்வகத்தில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஒரு பழைய வீட்டுக் கடைக்காலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மண்ணில், ஓர் அடி இங்கே ஓர் அடி அங்கே என்று சீராகப் பரவச் செய்வது வேறு வேலை.

உங்கள் கரையில் இன்னொரு தடையும் உண்டு. நம் பக்கத்தில் மணல் முற்றத்தை மிதிக்க வசதியாக மேலே செம்மண் அடித்து நிரப்பாத வீடு குறைவு. பாக்டீரியாவின் உடல் ஒன்று முதல் மூன்று மைக்ரான். சுத்தமான மணலின் இடுக்குகளில் அது தாராளமாக ஓடும். களியும் வண்டலும் கலந்த செம்மண் இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும். அந்தச் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் கிடக்கும் இடங்களில் கிணற்று நீர் பெரும்பாலும் சற்றே புளிப்புத் தன்மை கொண்டது. கால்சைட் அமிலத்தில் கரையும் பொருள். கடல்நீர் அதற்குப் பகை இல்லை, கடல்நீர் லேசான காரம். புளித்த நிலத்தடி நீர்தான் பகை. உங்கள் மணலில் சிப்பித்தூள் கலந்திருந்தால் அது உங்களுக்குச் சாதகம், படிகம் பிடித்து வளர அது நல்ல இடம்.

இனி நார். இதைப் பற்றி நான் ஆசையோடு எழுதுவேன், ஏனென்றால் கதம்பை என்ற தேங்காய் மட்டை அழுகும் வாசனையில் வளர்ந்தவன் நான். பாக்டீரியா கட்டிய மணலின் பெரிய குறை அதன் முறிதன்மை. பாரம் ஏற ஏற அசையாமல் நிற்கும். ஒரு கட்டத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். அதில் நார் கலந்தால், விரிசல் விழும் இடத்தில் நார்கள் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்கின்றன. மண் சுவருக்கு வைக்கோல் சேர்த்து மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணலில் கலந்த நார் அதன் அறுபடு வலிமையைக் கூட்டுவதை கிரே, ஒஹாஷி என்ற இருவர் 1983-இலேயே அளந்து காட்டினார்கள். நாரின் மேலேயே பாக்டீரியா ஒட்டிக்கொண்டு கால்சைட் விளைவதால், நாருக்கும் மணலுக்கும் பிடிப்பு இன்னும் கூடுகிறது. தும்பின் மேற்பரப்பு சொரசொரப்பானது. வழுக்கலான பிளாஸ்டிக் இழையைவிட இதில் பிடி நன்றாகக் கிடைப்பதை எங்கள் மாதிரிகளில் பார்த்தோம். நார் இல்லாத மாதிரி வெடித்துச் சிதறியது. தும்பு கலந்தது வயிறு புடைத்து, விரிசல் விட்டு, ஆனாலும் கூடியே நின்றது. அளவு மிகக் குறைவு போதும்: மணல் எடையில் 0.2 முதல் 0.4 சதவீதம், அதாவது ஒரு கன மீட்டர் மணலுக்கு ஐந்து கிலோ அளவில், விரல் கணு நீளத்துக்கு நறுக்கிய நார். அதற்கு மேல் போனால் நார் பந்து பந்தாகச் சுருண்டுகொண்டு மணலுக்குள் பொந்து விழுகிறது. நார்த்தூளைக் கட்டாயம் சலித்து நீக்க வேண்டும். அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வலிமை எதுவும் தராது.

இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். பாக்டீரியா முறையின் பெருமையே தோண்டாமல், இடிக்காமல், இருக்கும் இடத்திலேயே மண்ணை இறுக்கலாம் என்பது. நாரையோ கரைசல்போல மண்ணுக்குள் செலுத்த முடியாது. மணலைத் தோண்டி வெளியே எடுத்து, நாரைப் பிசிறிக் கலந்து, திரும்ப நிரப்பினால்தான் உண்டு. வீடு நிற்கும்போது அதன் அடி மணலைத் தோண்டியெடுக்க யாராலும் முடியாது. எனவே பாக்டீரியாவும் நாரும் சேர்ந்த முறை புதிதாக நிரப்பும் மண்ணுக்கு உரியது: சாலைக்கு அடியில் போடும் படுகை, கரை மேடு, சுவருக்குப் பின் நிரப்பு, அச்சில் வார்க்கும் கட்டிகள். அமெரிக்காவில் பயோமேசன் என்ற நிறுவனம் 2012-இல் தொடங்கிப் பாக்டீரியாவால் கட்டுமானக் கட்டிகள் செய்வதும் தொழிற்கூடத்துக்குள்தான். அங்கே ஒவ்வொரு கட்டியையும் சோதித்துக் கழிக்க முடிகிறது.

நீங்களே செய்வதைப் பற்றிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மணலில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வலிமை வர ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 60 கிலோ கால்சியம் கார்பனேட் விளைய வேண்டும் என்று விஃபின் குழு கண்டது. வேதியியல் சமன்பாட்டின்படி அதற்கு 36 கிலோ யூரியாவும் சுமார் 67 கிலோ கால்சியம் குளோரைடும் தேவை. சிறிய வீடு, நாற்பது மீட்டர் நீளக் கடைக்கால், முக்கால் மீட்டர் அகலம், அதற்குக் கீழே ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்தால் 30 கன மீட்டர் மணல். யூரியா மட்டும் 1,080 கிலோ. 45 கிலோ மூட்டையில் இருபத்து நான்கு மூட்டை. கால்சியம் குளோரைடு இரண்டு டன். உரக்கடையில் உள்ளது அரசு மானியம் தரும் யூரியா. அதைப் பயிருக்கு அல்லாமல் வேறு வேலைக்குத் திருப்புவதை 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை தடுக்கிறது. மானியமில்லாத தொழிற்தர யூரியாதான் வாங்க வேண்டும், அதன் விலை பல மடங்கு.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் கிணறு. விளையும் ஒவ்வொரு 60 கிலோ கல்லுக்கும் 64 கிலோ அம்மோனியம் குளோரைடு கழிவாக மிஞ்சும். அதிலுள்ள நைட்ரஜன் சுமார் 17 கிலோ. குடிநீரில் அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரநிலை. ஒரே ஒரு கன மீட்டர் மணலை இறுக்கிய கழிவை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய மூன்று கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். உங்களுக்கு முப்பது கன மீட்டர். கடற்கரை மணலில் நன்னீர் என்பது உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. ஒரு வீட்டின் கழிவு அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போக அங்கே தடுப்பு எதுவும் கிடையாது. அம்மோனியா பிறகு நைட்ரேட்டாகவும் மாறும்; கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. ஆய்வகங்களில் கழிவைத் திரும்ப இறைத்தெடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். வீட்டு முற்றத்தில் அதற்கு வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காக, கிணறுள்ள ஊரில் யாரும் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாக்டீரியா வளர்க்காமல் நொதியை மட்டும் பயன்படுத்தும் வழியும் உண்டு. வாளவரை இனத்து விதையிலும் சோயாவிலும் யூரியேஸ் நிறைய இருக்கிறது. 1926-இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்துதான் யூரியேஸைப் படிகமாகப் பிரித்தார். நொதிகளில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்டது அதுதான், அதற்காக 1946-இல் நோபல் பரிசும் பெற்றார். வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளை மணலில் உங்கள் மகளோடு செய்து பார்க்க இது அருமையான சோதனை, செய்து பாருங்கள். அம்மோனியா வாடை வரும், திறந்த வெளியில் வையுங்கள். ஆனால் கழிவுக் கணக்கு இதற்கும் அதேதான்.

இன்னும் முடிவாகாத விஷயம் ஒன்று, தும்பின் ஆயுள். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுந்த நார் என்பதால் மற்ற இயற்கை நார்களைவிடத் தும்பு மண்ணில் நீண்ட நாள் தாங்கும். ஆனாலும் ஈர மண்ணில் சில ஆண்டுகளில் மட்கத் தொடங்கும். மேலே கால்சைட் பூச்சு இருந்தால் மட்குவது தாமதமாகும் என்று வாதிடுகிறார்கள். எனக்கும் அப்படித் தோன்றுகிறது. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் நிலத்தில் கிடந்து தோண்டிப் பார்த்த சான்று இந்த முறைக்கு இருக்க வாய்ப்பே இல்லை, பாக்டீரியாவையும் நாரையும் சேர்க்கும் முறையின் வயதே அவ்வளவு இல்லை. சாலைப் பணியில் தும்புப் பாய் விரிப்பது வேறு. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 2020-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அங்கே சாலை இறுகும் வரை ஓரிரு ஆண்டுகள் நார் தாங்கினால் போதும், பிறகு மண் தானாக நிற்கும். உங்கள் மாடியோ அறுபது ஆண்டு நிற்க வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம். மணலைப் பற்றி நம் ஊரில் ஒரு தவறான பயம் இருக்கிறது. பக்கவாட்டில் நழுவாமல் அடைபட்ட மணல் நல்ல மண். களிமண்போல ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்காது. பாரம் ஏறும்போதே இறங்க வேண்டியதை இறங்கி முடித்துவிடும். இருபது ஆண்டுகளாக உங்கள் வீட்டில் விரிசல் இல்லை என்றால் அடி மணல் தன் வேலையைச் செய்திருக்கிறது. மணலுக்கு ஆபத்து அது பக்கவாட்டில் நழுவிப் போவதில்தான். உங்கள் சுற்றுச்சுவர் சாய்வதும் அதனால்தான் என்று ஊகிக்கிறேன். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். இந்தக் கரையில் நான் பார்த்த சாய்ந்த சுவர்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஓட்டிலிருந்தோ மொட்டை மாடிக் குழாயிலிருந்தோ ஒரே இடத்தில் கொட்டும் தண்ணீர், அதோடு தண்ணீர் வடியத் துளையே இல்லாமல் கட்டிய சுவர். அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். சாய்ந்த பகுதியைப் பிரித்து, கடைக்காலை ஆழமாக எடுத்து, பின்புறம் சல்லி வடிகட்டியும் சுவரில் துளைகளும் வைத்துத் திரும்பக் கட்டுங்கள். பின்னால் நிரப்பும் மணலை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, அதிர்வுத் தகட்டால் இறுக்குங்கள். திம்மிசுக் கட்டையால் குத்துவதைவிட நீரும் அதிர்வும்தான் மணலை இறுக்கும். அந்த நிரப்பில் வேண்டுமானால் தும்பு கலவுங்கள், பாக்டீரியா இல்லாமலே. கெடுதல் இல்லை, முதல் சில ஆண்டுகள் உதவும்.

மாடியைப் பொறுத்தவரை, வீட்டின் இரு மூலைகளில் ஆழ்துளை போட்டு எஸ்.பி.டி. என்ற மண் சோதனை செய்யுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவதுதான் அது. பத்துக்குக் கீழே என்றால் தளர்ந்த மணல். பத்திலிருந்து முப்பது வரை நடுத்தரம். அதற்கு மேல் இறுக்கம். கூடவே ஓரிடத்தில் கடைக்காலைத் திறந்து அதன் அகலத்தையும் ஆழத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தளத்துக்கென்று போட்ட கடைக்கால் மாடிக்குப் போதாமல் போகலாம். அப்படியானால் அதை அகலப்படுத்தப் பழகிய வழிகள் உண்டு, ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வடிவமைத்துத் தருவார். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பதால், மாடிக்கு அனுமதி வாங்கும்போது அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கடலே நெருங்கி வந்தால் என்ன என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கரையில் ஒரு வீட்டு முன்னே போட்டிருந்த கான்கிரீட் தளத்தைப் பார்த்திருக்கிறேன். தளம் முழுசாக இருந்தது, அடியில் மணலைக் காணோம். கடல் உருவிக்கொண்டு போயிருந்தது. அடுத்த ஆனி மாதத்துக்குள் தளமும் முறிந்து விழுந்தது. பாக்டீரியா கட்டிய மேல் ஓட்டுக்கும் அலைக்கு முன்னால் அதே கதிதான். காற்றில் பறக்கும் மேல் மணலை நிறுத்த ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஓடு போதும், அதற்கு இந்த முறை நன்றாகவே உதவுகிறது. ஆனால் அதே வேலையை அடம்புக் கொடியும் இராவணன் மீசையும் உங்கள் கரையில் கூலியில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன, அவற்றைப் பிடுங்காமல் விட்டால் போதும். அலையை எதிர்கொள்வது, கடலுக்குள் கல் கொட்டி நீட்டும் தூண்டில் வளைவு போன்ற ஊர் முழுவதற்குமான கட்டுமானங்களின் வேலை. அதை ஒரு வீட்டுக்காரர் தன் செலவில் செய்ய முடியாது.

எஸ்.பி.டி. சோதனை முடிவு கையில் வந்ததும் ஆழத்துக்கு ஆழம் அந்த எண்களையும், கடைக்காலின் அகலத்தையும், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். பார்த்துவிட்டு, மாடிக்கு அந்த மணல் தாங்குமா என்பதை இதைவிடத் திட்டமாகச் சொல்கிறேன்.